புத்தகயாவுக்கு ஒரு மாலை

அன்பு மருமகனுக்கு, மாமா எழுதுவது.

உன் அப்பாவுக்குப் பிண்டம் போட என் அக்காவைக் கயாவுக்கு அழைத்துப் போகிறாயாமே. காசி, கயா என்று கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் விஷ்ணுபாதக் கோயிலில் காரியத்தை முடித்துவிட்டு, சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் புத்தகயாவையும் எட்டிப் பார்ப்பார்கள். கருவறையில் பொன் பூசிய புத்தரைக் கும்பிட்டுவிட்டு அரை மணியில் வண்டியேறிவிடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. ஒரு மாலை முழுவதையும் அங்கே ஒதுக்கு.

அந்தத் தலத்தின் உயிர் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டி அரச மரம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே வஜ்ராசனம் என்னும் கற்பலகை, அசோகர் காலத்தது. சித்தார்த்தர் ஞானம் பெற்ற இடம் அதுவே என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பழைய மரம் 1876இல் புயலில் சாய்ந்துவிட்டது. 1881இல் தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அதன் கன்றை நட்டார். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே அசோகரின் மகள் சங்கமித்தை ஒரு கிளையை இலங்கைக்குக் கொண்டுபோனதாக மகாவம்சம் சொல்கிறது. அநுராதபுரத்தில் அந்தப் போதி மரத்துக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து அக்காவுக்குச் சொல். துணையை இழந்து வந்திருப்பவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

கோயிலின் சுமார் 50 மீட்டர் உயரமுள்ள செங்கல் கோபுரம் குப்தர் காலத்தது. பாழடைந்து கிடந்ததை 1880களில் சீரமைத்தார்கள். 1891இல் இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலர், கோயில் ஒரு சைவ மடத்தின் கையில் இருப்பதைக் கண்டு வருந்தி, அதே ஆண்டு மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். 1949ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தை இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்த குழுவிடம் கொடுத்தது. முழுப் பொறுப்பும் தங்களுக்கே வேண்டும் என்று பௌத்தர்கள் இன்றும் கேட்கிறார்கள். அது நியாயம் என்றே மாமாவுக்குப் படுகிறது.

2013இல் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு கைபேசியை உள்ளே விடுவதில்லை, வாசலில் ஒப்படைத்துவிடு. நல்லதுதான், கண் மரத்தின்மேல் நிற்கும்.

குளிர்காலத்தில் திபெத்திய யாத்ரீகர்கள் மரப்பலகைமேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து வணங்குவார்கள். அவர்கள் குறுக்கே நடக்காதே. மரத்தில் கை வைத்து இலை பறிக்காதே; கீழே விழுந்தது கிடைத்தால் எடுத்துக்கொள். செருப்பை வெளியே விட வேண்டும், கல் தரை சில்லிடும். அக்காவுக்குக் காலுறை எடுத்துப் போ.

மறுநாள் காலை ஊரை ஒட்டிய ஆற்றின் அக்கரையில் பக்ரௌர் கிராமத்துக்கும் ஆட்டோவில் போய் வாருங்கள். புத்தருக்குப் பாற்சோறு கொடுத்த சுஜாதையின் நினைவாக அங்கே ஒரு செங்கல் தூபி இருக்கிறது. கூட்டம் குறைவு, அக்கா நிதானமாக நடந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மாமா