பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒரே தரையில் வேண்டாம், கண்ணு

ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்துவிட்டது, தோழிகளோடு தங்க வீடு தேடுகிறாய். வீடு அமைந்ததும் முதலில் பாத்ரூமைத்தான் கழுவுவாய். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓசூரில் நான் குடிபோன முதல் வாரம், தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. அதன் மேலேயே டாய்லெட் ஆசிடை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அடுத்த நொடி, மிளகாய் வற்றலை அடுப்பில் போட்டது போல நெடி, கண்ணெல்லாம் தண்ணீர், மூச்சை இழுக்க விடாத இருமல். பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனார். ராத்திரி முழுக்க இருமினேன்.

அந்த நெடிதான் குளோரின். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்துப் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். தப்பித் தவறி இப்படி ஆகிவிட்டால், குனிந்து கழுவிவிட உட்காராதே. அப்படியே விட்டுவிட்டு வெளியே வா, உயரமான இடத்துக்குப் போ. மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடு. சில மணி நேரம் கழித்தும் நுரையீரலைப் பாதிக்கும், அலட்சியம் வேண்டாம்.

இதே குளோரின்தான், அளவோடு சேர்ந்தால், காலராவையும் டைபாய்டையும் தடுக்கிறது. தொட்டித் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும். நேராகக் கொட்டாதே. ஒரு மக் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் வை. சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கு. ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்து. கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் தெளியவிடு.

பவுடரை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வை, தகர டப்பா துருப்பிடித்துவிடும். திறந்தால் நெடி இல்லையா? வீரியம் போய்விட்டது, புதிது வாங்கு. பட்டுப்புடவை பக்கம் கொண்டுபோகவே கூடாது, இழையே அரித்துப்போகும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருவதைச் சொல்கிறேன். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தர்மபுரியிலும் பல இடங்களில் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், ஃபுளோரைடு அதிகம். ஃபுளோரினும் குளோரினும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பம்தான். ஆனால் குளோரின் கிருமியைத்தான் கொல்லும், ஃபுளோரைடைத் தொடாது. கொதிக்கவைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குழந்தைகளின் பல்லில் காவிக்கறை படிவதும், பெரியவர்களுக்கு எலும்பு இறுகி முதுகு வளையாமல் போவதும் இதனால்தான். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அந்தத் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாசனை அடித்தால் முகம் சுளிக்காதே. குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் குறைந்துவிடும். போர் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றால், ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அதைக் குடிக்காதே.

ஆகவே வாடகை, அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேள்: "அம்மா, குடிக்க ஒகேனக்கல் தண்ணி வருதா, போர் தண்ணியா?"