மரை பிடித்தால் மட்டும் போதாது

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்ட முதல் வாரத்திலேயே பட்டறையிலிருந்து ஒரு சாக்கு காயலான் கடைக்குப் போய்விடும். துருவேறிய போல்ட்டுகள், உடைந்த பித்தளைத் துண்டு, வார்ப்பு எண் மட்டும் தெரிகிற ஒரு மூடி, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு ஸ்பிரிங் எல்லாம் அதில் இருக்கும். மாதங்கள் கழித்து வண்டியைத் திரும்பப் பூட்டும்போது பட்டறையே தலைகீழாகத் தேடுவது பெரும்பாலும் அந்தச் சாக்கில் போனவற்றைத்தான்.

இதற்கு அலட்சியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பாகங்களைப் பற்றிப் பட்டறைகளில் கைமாறி வரும் சில நம்பிக்கைகளும் காரணம். அவற்றில் பல பாதி உண்மை. அதனாலேயே இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. சென்னைக்கு நெருக்கமான ஒரு வண்டியை வைத்தே அவற்றைப் பார்க்கலாம். பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த வண்டலூரில் கட்டியது. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் அதன் பாகங்களுக்கு இன்னும் அவ்வளவு பஞ்சம் வரவில்லை. ஹெரால்டு வைத்திருப்பவரின் நிலை வேறு. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் குவியலில் துழாவும்போது அவருக்குக் கண்ணும் அளவுக்கருவியும்தான் துணை.

“மரை பிடிக்குதா? அப்ப அதே போல்ட்தான்”

மிகப் பரவலான நம்பிக்கை இது. அதிகச் சேதம் செய்வதும் இதுதான். பழைய பாகக் கடையின் டப்பாவுக்குள் கையை விட்டால் ஒரே தடிமனில் குறைந்தது மூன்று வகைப் போல்ட்டுகள் வரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் விட்வொர்த், பி.எஸ்.எஃப். மரைகள் ஒரு வகை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல் ஒப்புக்கொண்ட யூனிஃபைடு மரைகள், அதாவது யு.என்.எஃப்., யு.என்.சி., இன்னொரு வகை. ஃபியட் வழியாக வந்த மெட்ரிக் மரைகள் மூன்றாவது. ஹெரால்டிலும் அம்பாசடரிலும் பெரும்பாலும் யூனிஃபைடு, பிரீமியர் பத்மினியில் மெட்ரிக்.

5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. கண்ணுக்கு எட்டு மில்லிமீட்டர் போல்ட் மாதிரியே தெரியும். ஆனால் ஓர் அங்குல நீளத்தில் யு.என்.எஃப்.பில் 24 மரைகள், பி.எஸ்.எஃப்.பில் 22, விட்வொர்த்திலும் யு.என்.சி.யிலும் 18. வழக்கமான எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 20. இவற்றில் பலவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட முடியும். அதன்பின் வரும் இறுக்கத்தைத் துரு என்று நினைத்து ஸ்பேனரால் அழுத்தினால் போல்ட்டோடு உள்மரையும் போகும். அது அலுமினிய வார்ப்பாக இருந்துவிட்டால் ஐம்பது அறுபது வருடம் தாங்கிய ஒரு பாகம் அரை நிமிடத்தில் பாழ்.

விட்வொர்த்தும் யு.என்.சி.யும் இன்னும் ஏமாற்றும். 5/16 அங்குலத்தில் இரண்டுக்கும் அதே 18 மரை என்பதால் கடைசி வரை ஏறிவிடும். ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, யு.என்.சி.யின் கோணம் 60 பாகை. பக்கங்கள் முழுதாக ஒட்டி உட்காராமல் மெல்லிய விளிம்பில் மட்டும் பிடிக்கும். நிற்கிற வண்டியில் அது தெரியாது, ஓட்டத்தில்தான் தெரியவரும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. பிட்ச் கேஜ் ஒன்றும் வெர்னியர் ஒன்றும் போதும். யூனிஃபைடு போல்ட்டின் தலையில் பல சமயம் வட்டமான ஒரு குழிவு இருக்கும், அல்லது பக்கத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகளின் தலையில் ஆர், எஸ், டி போன்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் அவை உறுதித் தரத்தின் குறிகள். அப்படி எழுத்துள்ள போல்ட்டை எறிந்துவிட்டு ஹார்டுவேர் கடையின் பளபளப்பான போல்ட்டை சஸ்பென்ஷனில் மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

‘ஸ்பேனர் சேருகிறதே’ என்பதையும் சாட்சியாகக் கொள்ள முடியாது. அதற்கு மோரிஸ் எஞ்சின்கள் நல்ல உதாரணம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் பிரிட்டனின் கவன்ட்ரி நகரில் தொழிற்சாலை வைத்தது. 1923-ல் மோரிஸ் கார்களின் நிறுவனர் அதை வாங்கினார். இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் இருந்ததால் அங்கே செய்த எஞ்சின்களின் மரைகள் மெட்ரிக்காகவே தொடர்ந்தன. பிரிட்டிஷ் பட்டறைகளின் ஸ்பேனர் சேரவேண்டுமே என்று போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தார்கள். அந்த வழியில் வந்த எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் எஞ்சின்களிலும் இந்த வினோதக் கலப்பு உண்டு. தலையைப் பார்த்து மரையைத் தீர்மானித்தவர்கள் எத்தனை பிளாக்குகளைக் கெடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

“மேலே பொறித்திருப்பதுதான் பாக எண்”

பல சமயம் அது வார்ப்பு எண். வார்ப்பாலையில் அச்சிலேயே வருவது. ஒரே வார்ப்பைப் பல விதமாகக் கடைந்து, துளையிட்டு, வெவ்வேறு மாடல்களுக்கு வெவ்வேறு பாக எண்ணில் விற்றிருப்பார்கள். அதே வார்ப்பு எண்ணோடு வருகிற சிலிண்டர் ஹெட் உங்கள் வண்டிக்குச் சேரலாம், சேராமலும் போகலாம். புடைத்து நிற்கும் எழுத்து பெரும்பாலும் வார்ப்பு எண், உளியால் அடித்தது போல உள்ளே பதிந்திருப்பது பின்னால் பொறித்தது என்று பொதுவாகச் சொல்லலாம். லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றின் உடலில் மாடல் குறியோடு தயாரித்த தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கிரைண்டரை வைக்காதீர்கள்.

“வெளியே ஒண்ணு போல இருந்தா உள்ளேயும் ஒண்ணுதான்”

ஹெரால்டுக்காரர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஹெரால்டின் சிறு எஞ்சின் 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி.யாகத் தொடங்கியது. பிறகு 948, 1147, 1296 என்று வளர்ந்தது. நான்குக்கும் ஸ்ட்ரோக் அதே 76 மி.மீ. மாறியதெல்லாம் சிலிண்டரின் விட்டம்தான்: 58, 63, 69.3, 73.7 மி.மீ. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சகோதரர்கள் என்று சொல்லத் தோன்றும். பிரிட்டனில் ஹெரால்டு 1961-லேயே 1147-க்கு மாறிவிட்டது. சென்னை ஹெரால்டு 948-லேயே நின்றது. ‘ஹெரால்டு பிஸ்டன்’ என்று எழுதி பிரிட்டனிலிருந்து வரவழைக்கும் பெட்டிக்குள் இருப்பது 1200 அல்லது 13/60 மாடலின் பிஸ்டனாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குமுன் கேட்க வேண்டியது மாடலின் பெயரை விட விட்டத்தின் அளவைத்தான். ஏற்கெனவே ரீபோர் செய்த பிளாக் என்றால் பழைய பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 0.020, 0.030 என்பது போல ஓவர்சைஸ் எண் அங்கே இருக்கும். பழைய பிஸ்டன் உடைந்திருந்தாலும் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவை பிரிட்டனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அரித்துப்போன கதவாக இருந்தாலும் அதன் மேற்சட்டமும் கீல் உட்காரும் பகுதியும் நன்றாக இருந்தால் அடியை மட்டும் வெட்டித் தகடு வைத்து ஒட்டுவதுதான் வழி. இன்னொன்று: 1970-களில் வந்த ஸ்டாண்டர்டு கஸல் ஹெரால்டின் வாரிசுதான், எஞ்சினும் அதே 948. ஆனால் ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பை விட்டுவிட்டு, கஸலுக்கு முழு அச்சாகவே வைத்தார்கள். கஸலின் எஞ்சின் பாகம் உதவும், பின் அச்சு உதவாது.

“ஃபாரின் சரக்குதான் ஒரிஜினல்”

சென்னையில் கட்டிய வண்டிக்கு ஒரிஜினல் என்பது சென்னையில் அதற்குப் போட்ட பாகம்தான். லூகாஸ்-டி.வி.எஸ். 1961-லும், பிரேக்ஸ் இந்தியா 1962-லும் தொடங்கின. இந்தியா பிஸ்டன்ஸ் அதற்கும் முன்னால் 1949-லேயே வந்துவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தோடு இங்கே வளர்ந்த தொழிற்சாலைகள் இவை. லூகாஸ்-டி.வி.எஸ். என்று பொறித்த டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு பிரிட்டனிலிருந்து இன்று வரும் நகல் ஒன்றை மாட்டுகிறவர், வண்டியின் வரலாற்றைத் தன் கையாலேயே கழற்றுகிறார். டைனமோவில் பெரும்பாலும் போவது புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும்தான். காயில் கருகியிருந்தாலும் மறுபடி சுற்றித் தர ஆள் இருக்கிறார்கள்.

“பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் தங்கம்”

இரும்புக்கு இது பெரும்பாலும் சரி. கியர், ஷாஃப்ட், கண்ணாடி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் லாபமே. ரப்பருக்கு மட்டும் இது ஆபத்து. மாஸ்டர் சிலிண்டர் கிட்டும் பிரேக் ஹோஸும் எண்பதுகளில் செய்தவை என்றால், யாரும் தொடாமலிருந்தும் அவற்றுக்கு நாற்பது வயது. வெயில் படாவிட்டாலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டென்சரும் காலத்தில் கெடும். வண்டி சூடானபின் விட்டுவிட்டு ஓடுகிறது என்று கார்புரேட்டரைப் பத்து தடவை கழற்றுகிறவர்கள், புதிதாக மாட்டிய ‘பழைய ஸ்டாக்’ கண்டென்சரைச் சந்தேகிப்பதே இல்லை. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் இன்னொரு காரணத்தாலும் கவலை தருகின்றன: இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அன்றைய ரப்பரை அதற்கென்று செய்யவில்லை. பெட்டியை அலமாரியில் வையுங்கள், அதிலுள்ள அச்சையும் எண்ணையும் ஆதாரமாகப் பயன்படுத்துங்கள். வண்டியில் புது ரப்பர்தான் போக வேண்டும்.

“முன் சக்கரத்துக்கு கிரீஸ் அடிச்சா போதும்”

ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் நின்றபடி இருக்கும் எஃகுத் தண்டின் அடிமுனை, டிரனியன் எனும் வெண்கலப் பாகத்துக்குள் மரையாக ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது, வண்டியின் பாரமும் அங்கேதான். அதற்குத் தயாரிப்பாளர் சொன்னது கெட்டியான கியர் ஆயில். பட்டறைகளில் நடப்பது கிரீஸ். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, காலப்போக்கில் இறுகி வழியை அடைக்கும். தண்ணீர் தேங்க, தண்டின் மரையடியில் துரு குழி விழும். ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்காரும். இதே அமைப்பு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் உண்டு, அங்கும் இதே கதைதான்.

எனவே இந்தப் பாகத்தைத் திரும்பப் பயன்படுத்துவதில் தயவு காட்டக் கூடாது. தண்டைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து மரையின் அடிவாரத்தைப் பாருங்கள். குழி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது இனிப் பழைய இரும்புதான். டிரனியனில் இடது வலது வேறு, மரையின் திசையே எதிரெதிர். கழற்றும்போதே பக்கத்தை எழுதிக் கட்டிவிடுங்கள்.

“ரெண்டு எஞ்சினை வச்சு ஒண்ணு தேத்திடலாம்”

தேற்றலாம், ஆனால் ஜோடியைப் பிரிக்காமல். கனெக்டிங் ராடும் அதன் மூடியும், பிளாக்கும் மெயின் பேரிங் மூடிகளும் சேர்த்து வைத்துக் கடையப்பட்டவை. ஒரு எஞ்சினின் மூடி இன்னொன்றில் உட்காரும், வட்டம்தான் சரியாக அமையாது. பின் அச்சின் கிரவுன் வீலும் பினியனும் ஒரே எண் பொறித்த ஜோடி. எஸ்.யு. கார்புரேட்டரின் மேல் குடுவையும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனும் அப்படியே. டேப்பெட் எந்தக் கேம் மேட்டில் தேய்ந்ததோ அங்கேயே போக வேண்டும்.

இப்படிப் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை: பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் ஊதுகிறவரின் நுரையீரலைத் தின்னும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பட்டறைப் பையனை இந்த வேலைக்கு விடவே கூடாது.

“எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் மதிப்பு”

பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் ஒன்றாக இருந்ததே இல்லை, தனித்தனி வரிசை. ‘பொருந்துகிறது’ என்றால் தொழிற்சாலை அந்தச் சேசிஸில் அந்த எஞ்சினைத்தான் ஏற்றியது என்று பொருள். நம் ஊரில் அதற்குக் கையில் கிடைக்கும் ஆதாரம் ஆர்.சி. புத்தகமும் முதல் விற்பனை ரசீதும்தான். எண் பொருந்தவில்லை என்று புது எண்ணை அடிப்பது குற்றம். அப்படிச் செய்த வண்டி நிரந்தரமாகச் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

2021-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளும் மூல எஞ்சினைப் பெரிய விஷயமாக்கிவிட்டன. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். நிபந்தனை: வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சௌகரியத்துக்காக வேறு எஞ்சின் ஏற்றிய ஹெரால்டு அந்த வாசலில் தடுமாறும். பழைய எஞ்சின் சரியாகும் வரை வேறொரு 948-ஐ ஏற்றத்தான் வேண்டும் என்றால், விற்றவரிடம் அந்த எண் குறித்த ரசீது வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்தைப் பதியச் செய்யுங்கள். வெடித்துப்போன பழைய பிளாக்கை எண்ணோடு கொட்டகையிலேயே வையுங்கள். வார்ப்பிரும்பு விரிசலைத் தைத்தும் ஒட்டியும் சரிசெய்யும் கைகள் இன்னும் இருக்கின்றன. காயலான் கடையில் உருகப் போன பிளாக்கைத்தான் யாராலும் திருப்பித் தர முடியாது.