64 வரிகளில் ஒரு தாளம்: டிராக்கர் மென்பொருளைப் பழகுவோம்

நம் பள்ளிகள் பலவற்றில் இசைக்கென்று தனி ஆசிரியர் இல்லை. காலை வழிபாட்டில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும், ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியில் போடும் பாட்டும்தான் பல குழந்தைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் இசை. நான் கணக்கு ஆசிரியர். முறையாக இசை கற்றவன் அல்லன். வீட்டிலுள்ள பழைய கணினியில் டிராக்கர் என்னும் மென்பொருளைப் பழகி, பிறகு ஆறாம் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். இசை தெரியாதவரும் இதைத் தொடங்க முடியும். ஏனெனில் டிராக்கர் காலத்தை எண்ணக்கூடிய வரிகளாக மாற்றிக் காட்டுகிறது. எண்ணத் தெரிந்தால் போதும்.

1987ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பவர் அமிகா கணினிக்காக உருவாக்கிய 'அல்டிமேட் சவுண்டுடிராக்கர்' இவ்வகை மென்பொருள்களுக்கு முன்னோடி. அமிகாவில் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளை இயக்க முடியும். அதனால் திரையில் நான்கு நெடுவரிசைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாத்தியக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் மேலிருந்து கீழாக, ஒரே வேகத்தில், வரிவரியாகப் படித்துக்கொண்டே வருகிறார்கள். வரியில் குறிப்பு இருந்தால் வாசிப்பார்கள். காலியாக இருந்தால் புதிதாக எதுவும் வாசிக்கமாட்டார்கள். இப்படி 64 வரிகள் கொண்ட பக்கத்துக்குப் 'பேட்டர்ன்' என்று பெயர். பேட்டர்ன்களை வரிசைப்படுத்தினால் பாட்டு.

இதில் ஒலி ஒருமுறைதான் சேமிக்கப்படுகிறது. எந்த வரியில் அது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு தனியாக இருக்கிறது. அந்தக் கால 'மாட்' கோப்பில் ஒரு கட்டத்துக்கு 4 பைட். 64 வரி, 4 நெடுவரிசை என்றால் ஒரு பேட்டர்னுக்கு 1024 பைட் மட்டுமே. இந்தப் பெருக்கலை மாணவர்களையே செய்யச் சொல்லலாம்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது மில்க்கிடிராக்கர். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. விண்டோஸில் ஓப்பன்எம்பிடி என்ற நல்ல மென்பொருளும் உண்டு. ஆனால் அதன் விசை அமைப்பு வேறு. கீழே நான் சொல்லும் விசைகள் அதில் அப்படியே பொருந்தா.

முதலில் இரண்டு ஒலிகள் வேண்டும். கைத்தட்டல் ஒன்று, பெஞ்சில் தட்டும் ஒலி ஒன்று. கைப்பேசியில் பதிவு செய்து, ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, ஒலிக்கு முன்னால் உள்ள மௌனத்தை ஒட்ட வெட்டி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இந்த வெட்டும் வேலையில் சோம்பல் கூடாது. டிராக்கரின் வழக்கமான வேகத்தில் (ஸ்பீடு 6, பிபிஎம் 125) ஒரு வரிக்கு 0.12 நொடி, 64 வரிக்கு 7.68 நொடி. தட்டலுக்கு முன் 0.1 நொடி மௌனம் இருந்தால்கூட, தட்டு கிட்டத்தட்ட ஒரு வரி தள்ளிக் கேட்கும். தாளம் தப்புகிறதே என்று மென்பொருளைக் குறை சொல்வோம்.

மில்க்கிடிராக்கரில் 'டிஸ்க் ஆப்' பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வோர் இன்ஸ்ட்ருமென்ட் எண்ணில் ஏற்றுங்கள். இப்போது விசைப்பலகையைத் தட்டினால் ஒலி கேட்கும்; ஆனால் எதுவும் எழுதப்படாது. 'ரெக்கார்டு' நிலையை இயக்கினால்தான் கட்டத்தில் குறிப்பு விழும். 'ஆட்' என்ற இடத்தில் 4 என்று வைத்தால், ஒவ்வொரு குறிப்புக்குப் பிறகும் சுட்டி நான்கு வரி கீழே தாவும். முதல் நாள் இதற்கு மேல் எந்தப் பொத்தானும் தேவையில்லை. திரையில் நூறு பொத்தான்கள் தெரியும். அவற்றைப் பார்த்து மிரண்டு மூடிவிடுபவர்கள்தான் அதிகம்.

முதல் பயிற்சி ஆதி தாளம். எட்டு அட்சரம், அட்சரத்துக்கு 4 வரி என்றால் ஓர் ஆவர்த்தனம் 32 வரி. ஒரு பேட்டர்னில் இரண்டு ஆவர்த்தனம் மிச்சமில்லாமல் அடங்கும். தட்டு விழுவது 1, 5, 7ஆம் அட்சரங்களில். வரிகள் 0இலிருந்து தொடங்குவதால் கைத்தட்டலை 0, 16, 24ஆம் வரிகளில் இடுங்கள். விரல் எண்ணிக்கைக்கும் வீச்சுக்கும் உரிய மற்ற அட்சரங்களில் பெஞ்சு ஒலி. ஒரு சிக்கல்: திரையில் வரி எண்கள் பதினாறு நிலை எண்முறையில் இருக்கும். 16 என்பது 10 என்றும், 24 என்பது 18 என்றும் தெரியும். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு இது கைமேல் கிடைத்த பாடம். ஆறாம் வகுப்புக்குத் தேவையற்ற குழப்பம். சிறியவர்களுக்காக 0 முதல் 63 வரை இரண்டு முறையிலும் எழுதிய அட்டையைத் திரைக்கு அருகில் ஒட்டிவிடுகிறேன்.

அடுத்து சுரம். புல்லாங்குழல் போல நீண்டொலிக்கும் ஒலி ஒன்றை ஏற்றுங்கள். இசட், எஸ், சி, வி, பி, ஹெச், எம், கியூ ஆகிய விசைகளை வரிசையாக அழுத்தினால் தொடக்க மாணவர்கள் பழகும் மாயாமாளவகௌளையின் ஏறுவரிசை கிடைக்கும். முதல் சரளி வரிசையில் ஏற எட்டு, இறங்க எட்டு சுரங்கள். சுரத்துக்கு 4 வரி என்றால் சரியாக 64. கமகம் இதில் இராது. ஒலியை வழுக்கவும் அசைக்கவும் கட்டளைகள் உண்டு என்றாலும், பாட்டு ஆசிரியரிடம் கேட்டுப் பழகுவதற்கு இது ஈடாகாது.

இனி, நான் இதை வகுப்பறைக்குக் கொண்டு சென்றதன் காரணத்துக்கு வருகிறேன். மீ.பொ.ம. கணக்கைப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள்; அது எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு நெடுவரிசையில் 4 வரிக்கு ஒருமுறை கைத்தட்டல், இன்னொன்றில் 3 வரிக்கு ஒருமுறை பெஞ்சு ஒலி என்று அமைத்தேன். இயக்குவதற்கு முன், இரண்டும் எந்தெந்த வரிகளில் சேர்ந்து ஒலிக்கும் என்று ஊகித்து எழுதச் சொன்னேன். 0, 12, 24, 36, 48, 60 என்று பலர் சரியாக எழுதினார்கள். பேட்டர்ன் திரும்பத் திரும்ப ஓடியது. வகுத்தல் என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் மாணவி ஒருத்தி, "சார், கடைசியில ரெண்டு தட்டு ஒட்டிக்கிட்டு வருது" என்றாள்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெஞ்சு ஒலி 63ஆம் வரியில் விழுகிறது. அடுத்த வரியே மறுபடி 0. மூன்று வரி இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. 64ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1 என்று கரும்பலகையில் எழுதியபோது, அந்த மீதியைத்தான் தான் கேட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டேன். பேட்டர்னின் நீளத்தைக் குறைக்கலாம் என்றார்கள். 63 என்றான் ஒருவன். அப்போது கைத்தட்டல் இடறியது. 60 வைத்தோம், 48 வைத்தோம். இரண்டிலும் ஓட்டம் சீரானது. 4, 5 ஆகிய எண்களுக்கு 40, 60 என்று அவர்களே கண்டார்கள். மீ.பொ.ம.வின் மடங்காக இல்லாத நீளம் காதில் உறுத்தும் என்பதை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறிவியல் ஆசிரியருக்கும் இதில் இடமுண்டு. ஒரு குழந்தையின் குரலை ஏற்றி, இசட் விசையையும் கியூ விசையையும் அழுத்திக் காட்டுங்கள். பன்னிரண்டு படி ஏறியதும் அதே ஒலி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அதிர்வெண் இரட்டிப்பாகிறது, ஒலி பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அணில் குரல் என்று வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் பாடத்தைத் தொடங்கலாம்.

குழந்தைகளின் குரலைப் பதிவு செய்யும்போது பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்; அந்தக் கோப்புகளை வெளியே பகிர வேண்டாம். திரைப்பாடலிலிருந்து ஒலியை வெட்டி எடுக்க மாணவர்கள் ஆசைப்படுவார்கள். அது பிறருடைய உழைப்பு என்பதோடு, குடம், சாவிக்கொத்து, பள்ளி மணி என்று தாங்களே தேடிப் பதிவு செய்யும் ஒலிகள் தரும் மகிழ்ச்சி அதில் இல்லை என்பது என் கருத்து. கணினி ஒன்றுதான் என்றால் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நெடுவரிசை கொடுங்கள். மற்றவர்கள் 64 வரி கோடிட்ட தாளில் பென்சிலால் எழுதி, தங்கள் முறை வரும்வரை கைகளால் தட்டிப் பார்க்கட்டும்.