பதினைந்து மூட்டை ஐம்பது மூட்டையான கதை

எனக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தைச் சொல்லியே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மும்பைத் தரகர் ஒருவரிடம் தொலைபேசியில் துவரம் பருப்பு ‘ஃபிப்டீன்’ மூட்டை கேட்டேன். அவருக்குத் தமிழோ தெலுங்கோ தெரியாது, எனக்கு இந்தி வராது. ஆகவே இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். லாரியில் வந்து இறங்கியது ஐம்பது மூட்டை! விலை இறங்கிக்கொண்டிருந்த நேரம். கூடுதலாக வந்த முப்பத்தைந்து மூட்டையைத் தள்ளிவிடுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

தரகர் மேல் தவறில்லை. தமிழில் நாம் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் அழுத்தம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஃபிப்டி’ என்றால் அழுத்தம் முன்னால்; ‘ஃபிப்டீன்’ என்று தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்னால், ‘டீன்’ என்ற இடத்தில். நான் பழக்க தோஷத்தில் முன்னால் அழுத்திப் பின்னால் விழுங்கிவிட்டேன். கடைசியில் இருந்த ‘ன்’ இரைச்சலில் கரைந்தது. மிஞ்சியது ஐம்பது. பதின்மூன்று–முப்பது முதல் பத்தொன்பது–தொண்ணூறு வரை எல்லா ஜோடிக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத இடத்தில் உயிரொலி மெலிந்துபோகும். எழுத்து எதுவாக இருந்தாலும் சரி, ஒலி பெரும்பாலும் ஒன்றேதான். உதட்டைக் குவிக்காமல், வாயை அதிகம் திறக்காமல், நாக்கை நடுவில் சும்மா விட்டு எழுப்பும் சோம்பேறி ஒலி அது. ‘ஷ்வா’ என்று அதற்குப் பெயர். எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த சொல். ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஈ’யைத் தலைகீழாகப் போட்டு அகராதிகளில் குறிப்பார்கள். நம் கடைச் சரக்கிலேயே பாருங்கள்: ‘பொட்டேட்டோ’, ‘டொமேட்டோ’ இரண்டிலும் முதல் எழுத்தின் ‘ஓ’ அவர்கள் வாயில் கேட்காது. ‘பனானா’வில் நடுவில் உள்ள ‘னா’ மட்டும் கனமாக ஒலிக்கும். முன்னும் பின்னும் உள்ளவை மெலிந்துவிடும்.

இதைக் கேட்டு, ‘வெள்ளைக்காரன் சொல்லை முழுங்குகிறான்’ என்று நம்மவர்கள் கேலி செய்வார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்! ‘உப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ‘பு’வில் உதடு குவிகிறதா? இல்லை. அதுதான் பள்ளியில் படித்த குற்றியலுகரம். குறில் எழுத்துக்கு ஒரு மாத்திரை என்றால் இதற்கு அரை மாத்திரை. தொல்காப்பியத்தில் இதற்கென்றே ‘குற்றியலுகரப் புணரியல்’ என்று தனி இயல் இருக்கிறது. ‘பசு’வில் உகரம் முழுசு, ‘காசு’வில் உகரம் குறைவு. அதனால்தான் ‘பசுவில்லை’ என்கிறோம், ஆனால் ‘காசில்லை’ என்று உகரத்தையே விட்டுவிடுகிறோம்.

எங்கள் பொதட்டூர்பேட்டையில் இதைக் காதால் கேட்டே கற்கலாம். திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரிப் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்கு வாடிக்கையாளரும் ‘உப்பு’ என்றுதான் கேட்பார். சொல் ஒன்றே; ஆனால் அவர் உதடு கடைசியில் நன்றாகக் குவியும்.

மெலிவது எழுத்து மட்டுமல்ல, முழுச் சொல்லும் மெலியும். வியாபாரத்தில் வம்பு வருவது இங்கேதான். ‘டென் ஃபார் திருத்தணி’ என்றால் திருத்தணிக்குப் பத்து. அந்த ‘ஃபார்’ என்ற சின்னச் சொல்லை ‘ஃப’ என்று தொட்டும் தொடாமலும் சொல்ல வேண்டும். நாம் அதை நிறுத்தி அழுத்தினால் கேட்பவருக்கு ‘நான்கு’ என்று படும். ‘டு’ என்பதும் அப்படியே: ‘டென் டு ட்வெல்வ்’ என்பதில் ‘டு’வை அழுத்தினால் பத்து, இரண்டு, பன்னிரண்டு என்று மூன்று எண்ணாகிவிடும். சரக்கின் பெயர், எண், வினை ஆகியவற்றைத்தான் அழுத்த வேண்டும். ‘அண்ட்’ வெறும் ‘ன்’ ஆகும். ‘கேன்’ என்பது ‘கன்’ ஆகும். ‘வி கேன் செண்ட்’ என்று ‘கேன்’ஐ அழுத்திச் சொன்னால், சிலர் ‘அனுப்ப முடியாது’ என்றே எடுத்துக்கொள்வார்கள்; ஏனென்றால் முடியாது என்கிற ‘கான்ட்’தான் அவர்கள் வழக்கில் அழுத்தம் பெறும்.

ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய ஆங்கில நிறுவனம் (இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்ற ஆர்.கே. பன்சலின் ஆய்வை 1969-இல் வெளியிட்டது. சொல்லழுத்தம் தவறுவதை அவர் முக்கியக் குறையாகக் காட்டினார். நம் உச்சரிப்புக்காக வெட்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியருக்குள் பேசும்போது நம் வழக்கமே பெரும்பாலும் போதும். மெலிந்த ஒலியைப் பேசப் பழகாவிட்டாலும் காதுக்காவது பழக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கடைப் பையன்களுக்கு இரவு கடை கட்டிய பிறகு நான் சொல்லித் தருவது இதுதான். தராசுப் பலகையைத் தட்டிக்கொண்டே, ‘டென் பேக்ஸ் ஆஃப் ஷுகர்’ என்று சொல்லச் சொல்வேன். டென், பேக்ஸ், ஷுகர் என மூன்றே தட்டு. ‘ஆஃப்’ தட்டு இல்லாமல் இடையில் ‘அவ்’ என்று ஓடிவிட வேண்டும். அடுத்து ‘டென் பேக்ஸ் ஆஃப் ஷுகர் அண்ட் சால்ட்’. இப்போது நான்கு தட்டு. ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குச் சற்று நாளாகும்; எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

எண்ணிக்கையில் மட்டும் நான் இன்றும் உச்சரிப்பை நம்புவதில்லை. ‘ஃபிப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இரண்டு முறையாகச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரையும் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே போனை வைக்கிறேன்.