பந்து ரிங்கைத் தொடுமுன்

அன்புள்ள தம்பி,

கூடைப்பந்து நடுவர் தேர்வில் தேறிய கையோடு நீ கேட்டிருக்கும் கேள்வி நல்ல கேள்வி. ஃப்ரீ த்ரோ போடுபவனை எதிரணிக்காரன் சீண்டினால் என்ன செய்வது?

விதி சின்னதுதான். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி, பந்து கைக்கு வந்த 5 நொடிக்குள் அவன் போட வேண்டும். ஓரத்தில் ரீபவுண்டுக்கு நிற்கும் எதிரணியினர் தங்கள் செய்கையால் அவன் கவனத்தைக் கலைக்கக் கூடாது. கலைத்தும் பந்து விழுந்துவிட்டால் புள்ளி உண்டு, மீறலைக் கண்டுகொள்ள வேண்டாம். விழாவிட்டால் மறுபடி ஒரு த்ரோ. இந்தக் கடைசி வரியில்தான் புது நடுவர்கள் வழுக்குகிறார்கள்.

பந்து ரிங்கில் பட்டுத் தெறிக்கிறது. போட்டவன் இரண்டு கையையும் விரித்து உன்னைப் பார்க்கிறான். கோச் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அப்போதுதான் உனக்கு, இடப்பக்கம் நின்றவன் கையை அசைத்த மாதிரி இருந்ததே என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றி ஊதாதே. பந்து தவறியதைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு எல்லா அசைவும் குற்றமாகத்தான் தெரியும். பந்து ரிங்கைத் தொடுவதற்குள் கலைத்தானா இல்லையா என்பதை மனசுக்குள் முடித்துவிடு. கலைத்திருந்து பந்தும் விழுந்தால் வாயை மூடிக்கொள், விழாவிட்டால் ஊது. அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் இதற்கென்றே ஒரு சைகை உண்டு. மீறலைப் பார்த்த நடுவர் உடனே ஊதாமல், விரல்களை மடக்கிய கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்பார். பந்தின் கதி தெரியும் முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார் என்பதற்கு அரங்கமே சாட்சி.

எதெல்லாம் கலைப்பது? அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் விதிப்புத்தகம் பட்டியலே போடுகிறது: போடுபவன் கண்ணில் படும்படி கையை வீசுவது, திடீரென்று எதிர்ப்பக்கம் ஓடுவது, அவனிடம் பேசுவது, தொந்தரவாக உரக்கப் பேசுவது. நாம் ஊதுவது அந்த விதிப்படி இல்லை என்றாலும் பட்டியலை மனசில் வைத்துக்கொள். ஒருவன் இருமுவான், ஷூவைத் தரையில் தேய்ப்பான், அதையெல்லாம் விட்டுவிடு. ஆனால் பந்து விரல் நுனிக்கு ஏறும் அந்தக் கணம் பார்த்து ‘டேய்’ என்று ஒரு குரல் வந்தால் அது தற்செயல் இல்லை. ஆட்டத்தின் நடுவே எதிராளியின் கண்ணருகே கையை ஆட்டி மறைப்பது இதைவிடப் பெரிய சங்கதி, அதற்கு டெக்னிக்கல் ஃபவுல்.

பேச்சுதான் சிக்கல். 1997 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டம் 82–82, மிச்சம் 9.2 நொடி. யூட்டாவின் கார்ல் மலோன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வருகிறார், அவருக்குத் தபால்காரர் என்று பட்டப்பெயர். சிகாகோவின் ஸ்காட்டி பிப்பன், ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் பட்டுவாடா செய்வதில்லை என்று காதில் போட்டுவிட்டு நகர்ந்தார். இரண்டு த்ரோவும் தவறின. கடைசி ஷாட்டை மைக்கேல் ஜோர்டான் போட, சிகாகோ 84–82 என்று ஜெயித்தது. யாரும் ஊதவில்லை. அங்கே அந்த விதி, பந்து போடுபவன் வசம் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பிப்பனை நினைத்து எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், அது வேறு விஷயம். நம் விதியில் எதிராளியைச் சீண்டிப் பேசுவதே டெக்னிக்கலுக்குப் போகலாம். ஆனாலும் எடுத்த எடுப்பில் அதற்குப் போகாதே. பந்தை உன் கையிலேயே வைத்துக்கொண்டு, பேசுகிறவனைப் பார்த்து ‘போதும்பா’ என்று சொல். பெரும்பாலும் அதுவே போதும்.

கூட்டத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் ரிங்குக்குப் பின்னால் ஒரு திரையே கட்டி, சரியான நேரத்தில் விலக்கி விதவிதமாக வேடிக்கை காட்டுவார்கள். 2016இல் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நீச்சல் உடையில் ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே வந்து நின்றார்! அதற்கெல்லாம் மீறல் கிடையாது. 2021 என்.பி.ஏ. ப்ளே ஆஃபில் நட்சத்திர வீரர் யானிஸ் ஆன்டெட்டோகும்போ கோட்டில் நின்றபோதெல்லாம் வெளியூர் அரங்கங்கள் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணின. அங்கே 10 நொடி வரை அனுமதி. கூட்டம் எண்ணினால் கடிகாரத்தைவிட வேகமாகத்தான் எண்ணும். நீ அந்தத் தாளத்தில் போய்விடாதே, உன் ஐந்தை நீயே எண்ணு.

நம் ஊர்ப் பொட்டல் கோர்ட்டில் இன்னொரு தொல்லை உண்டு. கூட்டத்தில் எவனாவது அசல் ரெஃப்ரி மாதிரியே விசில் அடிப்பான், போடுபவன் நின்றுவிடுவான். அப்படி நின்றால் பந்தை வாங்கி மறுபடி கொடு, யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மைக்கில் வர்ணனை செய்பவரிடம் மட்டும் ஆட்டத்துக்கு முன்பே போய், ஃப்ரீ த்ரோ என்றால் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லிவை. நன்கொடையாளர் பெயர் வாசிப்பதை நிறுத்தச் சொல்கிறாயே என்று கமிட்டிக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், டைம் அவுட்டில் வாசித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்