ஆடியோ சிடி பிளேயரில் படம் ஓடுமா?

சேலத்தில் என் மாமாவிடம் விலை உயர்ந்த ஆடியோ சிடி பிளேயர் ஒன்று உண்டு. "மாப்ளே, கார்டு போட்டா இதுல கல்யாண விசிடி ஓடுமா?" என்று கேட்டார்.

ஓடும். 1993-ல் வந்த வீடியோ சிடியிலும், ஆடியோ சிடியைப் போலவே, விநாடிக்கு 75 செக்டார்கள்தான் படிக்கப்படுகின்றன. அதனால் மோட்டார், லென்ஸ் எதையும் மாற்ற வேண்டாம். டிஏசி என்ற ஒலி மாற்றும் சிப்புக்குப் போகும் டேட்டா, பிட் கிளாக், எல்ஆர் கிளாக் ஒயர்களை எம்பெக்-1 டிகோடர் கார்டுக்குக் கொடுத்தால், அது படத்தை டிவிக்கு அனுப்பும். ரேடியோ மெக்கானிக்குகள் ஒரு காலத்தில் இதைச் சர்வசாதாரணமாகச் செய்தார்கள்.

ஆனால் உயர்ரக பிளேயர்களில் டிஏசிக்கு முன்னால் டிஜிட்டல் ஃபில்டர் இருக்கும். அது எண்களையே மாற்றிவிடும். மாறிய டேட்டாவில் படம் வராது. ஃபில்டருக்கு முன்பே ஒயரை எடுக்க வேண்டும். அப்போதும் பாட்டைக் கார்டின் மலிவான டிஏசி வழியாகத் திருப்பினால், எதற்குப் பணம் கொடுத்தோமோ அந்த ஒலியே போய்விடும். வேண்டாம் என்றேன். (உள்ளே 230 வோல்ட் வேறு!)

உங்கள் கம்ப்யூட்டரே போதும். டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்குங்கள். சிடியைப் போட்டு 'எம்பெக்ஏவி' ஃபோல்டரைத் திறங்கள். அதிலுள்ள டாட் ஃபைலை விஎல்சி பிளேயரில் ஓட விடுங்கள். ஓடினால் உடனே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள். வீடியோ செக்டார்களில் கூடுதல் பிழை திருத்தம் கிடையாது. கீறல் விழுந்தால் காப்பி பாதியில் நின்றுவிடும். மாமாவின் இரண்டாவது சிடி அப்படித்தான் தாலி கட்டும் இடத்தில் நின்றது.