பொன்னுக்கு வீங்கியும் விதை வீக்கமும்



பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது, வேப்பிலை அரைத்துப் பூசுவது எல்லாம் நம் பக்கத்தில் பழக்கம். கன்னம் வடிந்ததும் நோயை மறந்துவிடுகிறோம். வயதுக்கு வந்த பையன் என்றால் அப்படி மறந்துவிடக் கூடாது.

கன்னத்தை வீங்க வைத்த அதே வைரஸ், பெரும்பாலும் 4 முதல் 8 நாளில் விதைக்கு இறங்கும். காய்ச்சல் மறுபடி ஏறும். ஒரு பக்கம் வீங்கிச் சிவந்து, தொட முடியாமல் வலிக்கும். சிறு பிள்ளைகளுக்கு இது அரிது. பருவமடைந்த, தடுப்பூசி போடாத ஆண்களில் 100 பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் 15 முதல் 30 பேருக்கு இப்படி ஆகலாம். பிறகு அந்த விதை சற்றுச் சுருங்குவதும் உண்டு. ஆனால் பிள்ளைப்பேறே இல்லாமல் போவது அபூர்வம். "இனி இவனுக்கு நிக்காஹ் எப்படி?" என்று பேசிப் பையனை நோகடிக்காதீர்கள்.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் போட்ட எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. பொன்னுக்கு வீங்கிக்கு எம்.எம்.ஆர். ஊசி வேண்டும், தனியார் குழந்தை மருத்துவர்கள் போடுகிறார்கள். 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணை.

பெரியவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் பாக்டீரியா. சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பது இவற்றால் வரும். இளைஞர்களுக்கு வெட்டை போன்ற பால்வினை நோய்களாலும் வரும். அப்போது மனைவிக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும், ஆடு மாடு ஈனும்போது கையுறை இல்லாமல் கை வைப்பவர்களுக்கும் புருசெல்லா கிருமி தொற்றி விதை வீங்கலாம். காசநோயும் ஒரு காரணம். கத்னா செய்திருந்தாலும் இவை வரும்.

வீக்கம் போலவே தெரிந்தாலும் கிருமியே இல்லாத ஒன்று உண்டு. விதை உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிடும். திடீரென்று, சில சமயம் தூக்கத்தில், கடும் வலியும் வாந்தியும் வரும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விதை பெரும்பாலும் பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சைக்காக மருத்துவரிடம் அவ்ரத்தைக் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. பையன் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுவான். அத்தாதான் கேட்க வேண்டும்.